பால் பூசிய சிலுவார்

என்னை மோட்டார் சைக்கிளிலிருந்து பிய்த்து எடுத்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முனியாண்டி, என் மனைவி சரசுவின் தம்பி. சவப்பெட்டி கொண்டுவந்த லாரி டிரைவர். தப்பு அடிக்க வந்த பெரியவர். அவருடைய மகன். மீன் விற்க வந்த மலாய்க்காரர் ஒருவர். (அவருக்கு யார் செத்தது என்றுகூடத் தெரியாது.)

எழுபதுகளின் கடைசி. மலேசியாவில், செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். சரசு ரப்பர் மரம் சீவினாள். எனக்கு ஈப்போவில் பலகை ஆலையில் வேலை கிடைத்தது. போய்வர ஒரு பழைய மோட்டார் வாங்கினேன். அதற்குச் சில நாள் முன்புதான் முனியாண்டி சைக்கிளோடு செம்மண் சாலையில் விழுந்து, முழங்கால் தோலை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான். அதைப் பார்த்த நாளிலிருந்து சரசுவுக்குப் பயம்.

"தடிப்பா ஒரு சிலுவார் வாங்குங்க. இல்லாட்டி மோட்டார வித்துருங்க" என்றாள். (கால்சட்டையை நாங்கள் சிலுவார் என்போம்.)

ஈப்போவில் ஒரு சீனர் கடைக்குப் போனோம். கடை முதலாளி, தவுக்கே, மூன்றை எடுத்துப் போட்டார். ஒன்று தோல். ஒன்று ஜீன்ஸ். ஒன்று காக்கி.

"தோல் நல்லா லா, தம்பி. விழுந்தா ஒண்ணும் ஆவாது."

விலை சொன்னார். விழாமலே எனக்கு வலித்தது. கீழே வைத்தேன். ஜீன்ஸ் தொடைக்கு மேல் ஏறவில்லை. காக்கியை வாங்கினேன். சரசு அதைக் கசக்கிப் பார்த்தாள்.

"இது கொசுவுக்கே தாங்காதுங்க."

"நான் தடிப்பாக்குறேன்."

வீட்டுக்கு வந்ததும் அவள் வாளியில் மிஞ்சிய ரப்பர்ப் பாலை எடுத்துச் சிலுவாரில் பூசினேன். காய்ந்ததும் மறுபடி பூசினேன். முழங்காலுக்கும் பின்பக்கத்துக்கும் கூடுதலாக. கொடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தால் தானே நின்றது. நாற்றம் வேறு.

"எலி செத்துக் கெடக்கா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

புகையில் போட்டு உலர்த்தாத பால் சூட்டில் இளகும். தோட்டத்தில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். சிலுவார் என்றதும் மறந்துபோனது.

அந்த வாரமே, ஒரு மதியம், கோலா கங்சாரிலிருந்து ஆள் வந்தது. சரசுவின் அப்பா தவறிவிட்டார். மூன்றரைக்கு எடுக்கிறார்கள். கட்டின சேலையோடு கிளம்பினாள். நான் வேட்டியை எடுத்தேன்.

"சிலுவாரப் போடுங்க" என்றாள். "இன்னைக்கி ஒரு சாவு போதும்."

போட்டேன்.

நல்ல வெயில். பாதி வழியில் தொடை சுட்டது. அப்புறம் ஆசனம் என்னோடு சேர்ந்து அசைவதுபோல இருந்தது. பின்னாலிருந்து சரசு, "மொகத்த மூடிருவாங்களா?" என்றாள். "மூடமாட்டாங்க" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

போய்ச் சேர்ந்தபோது மழைக்கு வானம் கறுத்துவிட்டது. பெட்டியை மூடப் போனார்கள். சரசு "அப்பா!" என்று குதித்தாள். குதித்தவள் அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்தாள். சேலை என் சிலுவாரில் ஒட்டியிருந்தது.

"ஏங்க, விடுங்க!"

"நான் புடிக்கல!"

முனியாண்டி மரம் சீவும் கத்தியோடு ஓடிவந்து சேலையை அறுத்தான். ஓடினாள். வாய்க்கரிசி போட்டாள். முகத்தைப் பார்த்துவிட்டாள்.

நான் இறங்கவில்லை. மூத்த மருமகன் தோள் கொடுக்க வேண்டும்.

"மச்சான், எறங்குங்க. மழ வருது."

"முடியலடா."

ஐந்து பேரும் இழுத்தார்கள். மோட்டாரும் கூடவே வந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்ததற்காக இன்னும் சத்தமாக அழுதார்கள். மழைக்குப் பயந்து பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். என் இடத்தில் வேறு யாரோ தோள் கொடுத்தார். பெட்டியில் மாமா என்னைத் தாண்டிப் போனார். நான் மோட்டாரில் உட்கார்ந்தபடியே கும்பிட்டேன்.

கடைசியில் பொத்தானைக் கழற்றி என்னை மட்டும் உருவினார்கள். கால் மயிரெல்லாம் போயிற்று. சிலுவார் ஆசனத்திலேயே உட்கார்ந்திருந்தது. யாரோ மாமாவின் கைலியைக் கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு ஓடினேன். இடுகாட்டில் குழியை மூடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கைப்பிடி மண் போட்டேன்.

அதன் பிறகு எந்தத் தீபாவளிக்கு யார் வந்தாலும் சரசு சொல்வாள்: "எங்கப்பாவத் தூக்க நாலு பேரு. இவர எறக்க அஞ்சு பேரு." பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவள் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். கொஞ்ச நேரம் வரமாட்டாள்.

அவளுக்கு நெஞ்சு வலி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை எடுத்தோம். நான் தோள் கொடுக்கப் போனேன். புருஷன் தூக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். நான் நகரவில்லை. முனியாண்டி என் பக்கத்தில் வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வேட்டிதானே, மச்சான்?"

"வேட்டிதான்."

தூக்கினோம்.

நாலு பேர்.