நூல் கோக்காத ஊசி

ஒரு நாளைக்கு நூறு தடவை ஊசிக் காதில் நூல் கோப்பவர் அந்தத் தையல்காரர். ஆனால் ஆஸ்பத்திரி ஊசி என்று அவர் காதில் விழுந்தால் போதும், முகம் வெள்ளைத்துணி மாதிரி வெளுத்துவிடும்.

மகள் பதினெட்டு நாள் குழந்தையோடு மறுநாள் வருகிறாள். போன மாதம்தான் எதிர்வீட்டுக் கைக்குழந்தை மூச்சுத் திணறி, விலாவெல்லாம் உள்வாங்கிக் கிடந்தது. மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்த்து, ஆர்.எஸ்.வி. வைரஸ் என்றார்கள். ஆறு நாள் ஆக்சிஜன். பிழைத்தது தெய்வச் செயல்.

“மத்தவங்களுக்கு வெறும் சளியாம். பச்சைக் குழந்தைக்கும், இழுப்பு இருக்கிற கிழங்களுக்கும்தான் ஆபத்தாம்,” என்றாள் மனைவி. “நம்ம பொண்ணு மாசமா இருக்கும்போதே தடுப்பூசி போட்டுக்கிட்டா. நான் போன வாரம் போட்டாச்சு. நீங்களும் போய்ப் போட்டுட்டு வாங்க.”

“யாருடி கிழம்?”

“இழுப்பு யாருக்குன்னு கேக்கல பாத்தீங்களா!”

கிளம்பினார். மருந்துக்கடை வரை வீரநடை. அங்கே ஒரு பிளாஸ்திரி வாங்கிக் கையில் ஒட்டிக்கொண்டு, கோட்டையைப் பிடித்த ராஜாவாக வீடு திரும்பினார்.

“வலிச்சுதாங்க?”

“எறும்புக்கடி! இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?”

மனைவி பிளாஸ்திரியைப் பார்த்தாள். தோளில் போடும் ஊசிக்கு முழங்கைக்குக் கீழே பிளாஸ்திரி. போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாப்பிட உட்காரும்போது மனைவிக்குப் போன் வந்தது.

“டாக்டரா? சொல்லுங்க... ஐயையோ!”

“என்னடி?”

“இன்னைக்கு வந்த மருந்துல கோளாறாம். இன்னைக்குப் போட்டவங்க மூணு மாசம் குழந்தையைத் தொடவே கூடாதாம்!”

கையில் எடுத்த சோறு தட்டில் விழுந்தது. “நான் போடலடி! சத்தியமா போடல! வெறும் பிளாஸ்திரி!”

“தெரியும். சட்டையை மாட்டுங்க.”

“மருந்துல கோளாறுன்னியே?”

“மருந்துல இல்ல, மனுஷன்லதான் கோளாறு. நடங்க.”

ஆஸ்பத்திரியில் கண்ணை இறுக்கி மூடி, மனைவியின் கையை நசுக்கினார்.

“முடிஞ்சுதுங்க ஐயா,” என்றாள் நர்ஸ்.

“ஆரம்பிக்கவே இல்லியேம்மா?”

மறுநாள் சோப்புப் போட்டுக் கழுவிய கையில் பேத்தி. அவள் பிஞ்சு விரலால் அவருடைய கட்டைவிரலைப் பிடித்தாள். உலகமே கைக்குள் வந்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது.

“எல்லாம் சரி. டாக்டர் எப்படிடி உனக்காகப் பொய் சொன்னார்?” என்று மனைவியிடம் கேட்டார்.

மகள் சிரித்தாள். “டாக்டரா? போன் பண்ணினது நான்தாம்ப்பா.”