ஒன்பதா நாற்பத்தைந்தா

காலிபர்க்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. துப்பாக்கிக் கடை உள்ள ஊரெல்லாம் இவர் உண்டு. சனிக்கிழமை காலையில் கடை திறந்ததும் உள்ளே வந்து, கண்ணாடி மேடைமேல் முழங்கையை ஊன்றி, காகிதக் கோப்பைக் காப்பியை ஆறவிட்டுக்கொண்டு நிற்பார். எதுவும் வாங்க மாட்டார். வாங்க வருகிறவனை நிம்மதியாக வாங்கவும் விடமாட்டார். பட்டாளத்துக்குப் போகிற பையன் ஒருவன் அந்தப் பக்கம் தலைகாட்டினால் போதும். எந்தப் படை என்று கேட்பாரா? எந்த ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்பாரா? "இடுப்புல என்ன தம்பி கட்டப்போற?" என்றுதான் கேட்பார்.

காலிபர் என்றால் தோட்டாவின் பருமன். இந்த இனத்தில் இரண்டு பிரிவு. ஒன்பது மில்லிமீட்டர்க்காரர்கள் ஒரு பக்கம், அங்குலத்தில் நூறில் நாற்பத்தைந்து பங்கு என்கிற நாற்பத்தைந்துக்காரர்கள் மறுபக்கம். தோட்டா சின்னது, ஆகவே நிறையப் போடலாம் என்பது ஒன்பதின் கட்சி. தோட்டா பெரியது, ஆகவே நிறையத் தேவையில்லை என்பது நாற்பத்தைந்தின் கட்சி. விஷயம் இவ்வளவுதான். ஒரு வாய்க் காப்பி குடிப்பதற்குள் சொல்லி முடித்துவிடலாம். அவர்கள் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மிசூரி மாநிலத்தின் ஹார்லன் க்ரீக் ஊரில் நாற்பத்தைந்தின் தலைமைப் பூசாரி டெல்பர்ட் ஹாக்கம். ஐம்பது வயதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், ஒரு காது மந்தமானவர். அந்தக் காதினால்தான் இளமையில் ராணுவம் அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அந்த வேண்டாமிலிருந்து அவர் இன்றுவரை முழுதாக வீடு திரும்பவில்லை. ராணுவம் எந்தக் கைத்துப்பாக்கியை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதன்பிறகு ஓயாமல் அதற்கு ஆலோசனை சொல்லிவருகிறார். ராணுவத்துக்கு இது தெரியாது.

எதிர்க்கட்சிக்கு ஆர்வில் கெட்சம். டிராக்டர் பழுதுபார்ப்பவர், டெல்பர்ட்டோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். "உன் நாற்பத்தஞ்சு பிள்ளையார் மாதிரிப்பா, எடை இருக்கு, நகராது" என்று சொல்லும் வாய்ப்பு ஆர்விலுக்கு இல்லை, அவருக்குப் பிள்ளையாரைத் தெரியாது. அதே பொருளில் அந்த ஊருக்கு ஏற்றபடி ஏதோ சொல்வார். டெல்பர்ட் அதற்குப் பதிலாக ஒன்பது மில்லிமீட்டர் அணில் அடிக்கத்தான் லாயக்கு என்பார். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அடுத்த சனிக்கிழமை இரண்டு கோப்பைக் காப்பியை ஆர்விலே வாங்கிவருவார்.

நாற்பத்தைந்தின்மேல் டெல்பர்ட்டுக்கு ஏன் இத்தனை பக்தி? அவருடைய அப்பா வியட்நாமுக்குப் போனார். இடுப்பில் நாற்பத்தைந்து இருந்தது. உயிரோடு திரும்பி வந்தார். இந்த இரண்டு செய்திகளையும் சின்ன வயதிலேயே டெல்பர்ட் ஒன்றாகச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். அப்பா அங்கே சாப்பாட்டு லாரி ஓட்டினார் என்பதும், அந்தத் துப்பாக்கியின் பிடியை வால்நட் உடைக்க மட்டுமே பயன்படுத்தினார் என்பதும் ஊருக்கே தெரியும். அப்பாவே வாய்நிறையச் சிரித்துச் சொன்ன கதை அது. டெல்பர்ட்டின் முடிச்சு அதற்கெல்லாம் அவிழவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே மகள். கெல்சி. பத்தொன்பது வயது. போன வசந்தத்தில் ஒரு காலை, அப்பா அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அப்பா, நான் ராணுவத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்."

வேறொரு தகப்பன் கத்தியிருப்பான், அல்லது கட்டிப்பிடித்திருப்பான். டெல்பர்ட் அடுப்பை அணைத்தார்.

"இடுப்புல என்ன குடுப்பாங்களாம்?"

"பல் டாக்டருக்கு உதவியாளாப் போறேன்ப்பா."

"அது சரி. இடுப்புல?"

"ஏப்ரன்" என்றாள் கெல்சி.

அவர் சிரிக்கவில்லை. அன்றே ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்த சார்ஜன்டிடம் தன் மகளுக்கு நாற்பத்தைந்து வேண்டும் என்று தெரிவித்தார். ராணுவம் இதையெல்லாம் சிப்பாயைக் கேட்டுச் செய்வதில்லை, இப்போது எல்லோருக்கும் ஒன்பதுதான், அதுவும் பல் பிடுங்குகிற பிரிவில் அநேகமாக எதுவுமே கிடையாது என்று சார்ஜன்ட் பொறுமையாக எடுத்துச் சொன்னார். டெல்பர்ட் மறுநாளும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். சார்ஜன்ட் கடைசியில் ஜன்னல் திரையை இறக்கிவைக்கப் பழகினார். அவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது டெல்பர்ட்டுக்கு உறுதியாயிற்று.

அதற்கப்புறம் அந்தச் சனிக்கிழமை வந்தது. கடை மேடை முன்னால், ஏழெட்டுப் பேர் காதுபட, யாரும் கேட்காமலே டெல்பர்ட் சபதம் செய்தார்.

"ஒன்பதக் கட்டிக்கிட்டு என் பொண்ணு போறத நான் நின்னு பாக்க மாட்டேன். வண்டி கிளம்புற அன்னிக்கு அந்தப் பக்கமே வரமாட்டேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. துப்பாக்கிக் கடை மேடையில் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஹார்லன் க்ரீக்கில் இல்லை. மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்தது. கெல்சிக்கும் தெரிந்தது. இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினாள். அந்த நகர்த்தலில் டெல்பர்ட்டின் நெஞ்சு எப்படி வெடித்தது என்பதை விவரிக்க என் பேனாவுக்குச் சக்தி இல்லை. அவரும் விவரிக்கவில்லை. உப்பைக் கேட்டார்.

நாள் நெருங்கியது. திங்கட்கிழமை காலை ஆள்சேர்ப்பு அலுவலக வாசலிலிருந்து வேன் கிளம்பும். முந்தின நாள் ஞாயிறு, சர்ச் கூடத்தில் அவளுக்கு வழியனுப்பு விருந்து. டெல்பர்ட் ஆர்விலோடு ஒரு போட்டி வைத்தார். மனிதச் சதையின் பதத்துக்கு, ஜெல்லி செய்கிற ஜெலட்டினைக் காய்ச்சி உறையவைத்து, அதில் ஆளுக்கொரு தோட்டா சுடுவது. எது ஆழமாகப் போயிருக்கிறது என்பதை ஞாயிறு விருந்தில் பாஸ்டர் கையால் வெட்டித் திறந்து ஊரறியப் பார்ப்பது. இந்த இனத்தார் திருவிழாபோலச் செய்கிற சடங்கு இது. பூச்செடி வைக்கும் நீளத் தகரத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஜெலட்டின் தூளைக் கரைத்தார் டெல்பர்ட். கண்ணாடிபோலத் தெளிந்து வரவேண்டியது. அவர் கொதிக்கவிட்டுவிட்டார். மோர் நிறத்தில் கலங்கி உறைந்தது. உள்ளே போன தோட்டா எங்கே நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதுவும் நல்லதுதான், ஓட்டுப் பெட்டி மாதிரி, திறக்கும்வரை யாருக்கும் முடிவு தெரியாது என்றார் ஆர்வில்.

இங்கே வாசகர்களிடம் ஓர் இரகசியம் சொல்லவேண்டும். சனிக்கிழமை காலை, கடைக்குப் பின்புறத்துத் திடலுக்குச் சுடப் போகுமுன், டெல்பர்ட் தன் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு பழைய டப்பா ஒன்றைக் குடைந்தார். பித்தளையெல்லாம் பச்சை பூத்து, வெடிமருந்து செத்துப்போயிருக்கக்கூடிய ஒரு நாற்பத்தைந்துத் தோட்டாவைத் தேடி எடுத்தார். அதைத்தான் தன் துப்பாக்கியில் போட்டார். புரிகிறதா? நாற்பத்தைந்து தோற்கவேண்டும். ஊர் முன்னால் தோற்றால் சபதம் தானே ஒழியும். அப்புறம் திங்கட்கிழமை தலைநிமிர்ந்து போய், மகளை வழியனுப்பலாம். ஆயுள் முழுக்கத் தொழுத சாமியை அந்த மனிதர் ஒரு வேன் புறப்பாட்டுக்காக விற்றார். வெடித்தபோது அவருடைய நல்ல காதில் விழுந்த சத்தம் சன்னமாகத்தான் இருந்தது. மனசு நிறைந்தது.

ஜெலட்டின் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். ஊரிலேயே பெரிய ஃப்ரிட்ஜ் சர்ச் சமையலறையில்தான் இருக்கிறது. இருவரும் சுட்டு முடித்த கட்டியை மறுபடி தொட்டியில் வைத்துக் கொண்டுபோய், மேல்தட்டில், நாளைய விருந்துக்கு வந்திருந்த ஜெல்லி சாலட்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

இந்த வட்டாரத்தில் ஜெல்லிக்குள் பழம் போட்டு உறையவைத்தால் அதற்கு சாலட் என்று பெயர். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டெல்பர்ட் நீளக் கத்தியும் அளவு நாடாவும் எடுத்துவர வண்டிக்குப் போனார். சமையலறையில் விருந்துக் குழுத் தலைவி ஃபெர்ன் அம்மாள் ஃப்ரிட்ஜைத் திறந்தார். தொட்டிமேல் 'ஹாக்கம், தொடாதீர்கள்' என்ற சீட்டு. உள்ளே வெளுத்துப்போன, பழமில்லாத, வாசனையில்லாத ஒரு பாவப்பட்ட சாலட்.

ஃபெர்ன் அம்மாளுக்குக் கண் நிறைந்தது. "பொண்டாட்டி இல்லாத மனுஷன். பொண்ணுக்காகத் தன் கையால செஞ்சிருக்கான் பாருங்கடி. பழம் போடணும்னுகூடத் தெரியல" என்றார். மற்றப் பெண்களும் மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அதன் மானத்தைக் காப்பாற்றினார்கள். மேலே க்ரீம் பூசி, செர்ரிப் பழம் பதித்து, வில்லைகளாக வெட்டித் தட்டுத் தட்டாக அனுப்பிவிட்டார்கள்.

டெல்பர்ட் கத்தியோடு உள்ளே வந்தபோது கூடம் முழுக்கச் சாட்சியத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. மிசூரிக்காரர்கள் விருந்தில் முகம் சுளிப்பதைவிடச் சாவது மேல் என்று நினைப்பவர்கள். "லேசா இருக்கு" என்றார் ஒருவர். "இனிப்பு தெகட்டல" என்றார் இன்னொருவர். ஒரு முதியவள் செய்முறை கேட்டாள்.

டெல்பர்ட் வாயைத் திறந்தார். அப்போதுதான் மகளைப் பார்த்தார். முதல் வில்லை அவளுக்குத்தான் போயிருந்தது. ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்று முடித்து, காலித் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கண் சிவக்க நின்றாள்.

"எனக்காக நீங்களே செஞ்சீங்களாமே அப்பா" என்றாள்.

சொல்லுங்கள், அந்த இடத்தில் நீங்களானால் என்ன செய்வீர்கள்? அளவு நாடாவை நீட்டுவீர்களா? டெல்பர்ட் கத்தியை மேஜைக்கடியில் வைத்தார். "ஆமா" என்றார். பக்கத்தில் இருந்த தட்டிலிருந்து ஒரு வில்லையை எடுத்து அவரும் தின்றார்.

எதிர் மேஜையில் ஆர்விலின் முள்கரண்டி டக்கென்று நின்றது. வில்லைக்குள் ஏதோ கெட்டியாக இருந்தது. ஆர்வில் வில்லையைப் பார்த்தார். டெல்பர்ட்டைப் பார்த்தார். கெல்சியின் காலித் தட்டைப் பார்த்தார். ஒட்டிய ஜெலட்டினோடு அதைக் காகிதத் துண்டில் பொதிந்து, பேசாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மிச்ச ஜெலட்டினை மென்றார். அந்த மனிதரைப் பற்றி நான் முன்னால் சொன்ன கேலியில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இன்னொரு தோட்டா எங்கே? டெல்பர்ட்டின் பல்லில் இடித்தது அதுதான். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவர் அதைக் கன்னத்தில் அடக்கிய அதே விநாடியில், பாஸ்டர் கண்ணாடிக் குவளையைத் தட்டி, தகப்பனார் மகளுக்கு இரண்டு வார்த்தை சொல்வார் என்று அறிவித்தார்.

டெல்பர்ட் எழுந்தார். வாயைத் திறந்தால் தோட்டா விழும். திறக்கவில்லை. உதடு துடித்தது. நாக்கால் அதைத் தடவிப் பார்த்தார். ஒன்பதா நாற்பத்தைந்தா என்று ஆயுளெல்லாம் பேசியவருக்கு, வாய்க்குள் கிடப்பது எது என்று தெரியவில்லை. நின்றார். கண்ணில் நீர் தளும்பியது, பாதி பல்வலி, பாதி வேறு. துக்கத்தில் பேச்சு அடைத்துவிட்டது என்று கூடமே அழுதது. ஃபெர்ன் அம்மாள் சத்தமாகவே அழுதார். ஹார்லன் க்ரீக்கில் இதுவரை நிகழ்த்தப்பட்டதில் மிகச் சிறந்த சொற்பொழிவு அதுதான் என்று இன்றும் சொல்கிறார்கள்.

அன்று மாலை டெல்பர்ட் வீட்டில் தனியாக யோசித்தார். தோற்க நினைத்தார், தோல்வியையும் ஊர் தின்றுவிட்டது. சபதம் அப்படியே இருந்தது. சாக்குத்தான் போய்விட்டது. இனி போவதானால் எந்தக் காரணமும் இல்லாமல்தான் போகவேண்டும். மகள் போகிறாள் என்ற காரணம் ஒன்று இருந்தது, ஆனால் அதைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

திங்கட்கிழமை காலை ஆள்சேர்ப்பு அலுவலக வாசலில் துப்பாக்கிக் கடையில் சபதம் கேட்டவர்கள் எல்லோரும் நின்றார்கள். வருகிறாரா என்று பார்க்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். கெல்சி வேனின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு தெருவையே பார்த்திருந்தாள். சார்ஜன்ட் மணி பார்த்தார். ஒரு பழைய லாரி வந்து நின்றது. டெல்பர்ட் இறங்கினார். சபதம் கேட்ட அத்தனை முகங்களுக்கும் நடுவில் நடந்துவந்து மகள் முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். சொல்லவேண்டியதை எல்லாம் சொல்ல வாயைத் திறந்தார். இந்தத் தடவை வாய்க்குள் ஒன்றும் இல்லை.

"ஒன்பதும் நல்ல துப்பாக்கிதாம்மா" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஆர்வில் எங்கோ மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெல்சி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவருடைய நல்ல காதில், "அடுத்த தடவை பழம் போடுங்கப்பா" என்றாள். வேன் போய்விட்டது.

ஆர்வில் சட்டைப் பையில் ஒரு தோட்டா, டெல்பர்ட் சட்டைப் பையில் ஒரு தோட்டா. எது எது என்று இருவரும் இன்றுவரை எடுத்துப் பார்க்கவில்லை. சனிக்கிழமைகளில் வாதம் மட்டும் வழக்கம்போல நடக்கிறது.

நன்றாகச் சிரித்தீர்கள் அல்லவா? துப்பாக்கியை நேரில்கூடப் பார்த்ததில்லை, நான் எப்படிக் காலிபர்க்காரனாவேன் என்கிறீர்கள். இருக்கட்டும். உங்கள் பிள்ளை தூர தேசத்துக்குப் படிக்கப் போன அன்று, விமான நிலைய வாசலில், பெட்டி எடை கூடுதலா குறைவா என்றும், ஊறுகாய் பாட்டிலுக்கு இன்னொரு உறை போட்டிருக்கலாமே என்றும், அந்த சூட்கேஸை வாங்காதே என்று அப்போதே சொன்னேனே என்றும், அவன் முகத்தைப் பார்க்காமல் பூட்டையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது யார்? அவன் உள்ளே போய் மறைந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தீர்களாம், உங்கள் வீட்டில் சொன்னார்கள்.

சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். கெட்டியாக ஏதாவது தட்டுப்படும்.