பூட்டுப் போட்ட பன்னிரண்டு வோல்ட்

இந்த வருஷம் பேஸ்பால் இறுதி ஆட்டத்தைக் கடைசிப் பந்து வரைக்கும் பார்த்தே தீருவது என்று ராதமேஸ் சபதம் எடுத்தான். போன வருஷம் எட்டாவது இன்னிங்ஸில் டிவி அணைந்து மானம் போயிற்று. சாண்டியாகோவில் சாயங்காலம் கரண்ட் போவது புதுசா என்ன? அதற்காகத்தான் லாரி பேட்டரி வைத்திருந்தான். ஆனால் முன்னறையில் பியூட்டி பார்லர் நடத்தும் அவன் மனைவி யோகாஸ்தா, ஃபேன் போட்டே அதை உறிஞ்சிவிடுவாள்.

பேட்டரி இளைத்தாலும் டிவிக்குப் பன்னிரண்டு வோல்ட் குறையக் கூடாது. வோல்ட்டைச் சீராக வைக்கும் சாதாரண ரெகுலேட்டர் நடுவில் இரண்டு வோல்ட்டைத் தின்றுவிடும். அரை வோல்ட்கூடத் தின்னாத சிப் ஒன்றைத் தேடிப் பிடித்தான். பட்டாணி சைஸ், பாரம் தாங்காது. அதனால் துணைக்குத் தடியாக ஒரு டிரான்சிஸ்டர். டிவி ஒயரைச் சொருகி, பேட்டரியோடு எல்லாவற்றையும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். டிரான்சிஸ்டரும் அதன் அலுமினியத் தகடும் மட்டும் காற்றுக்காக வெளியே நின்றன.

"ஏன்யா, வெளியே துருத்திக்கிட்டு நிக்குதே, அது யாரு?" என்றாள் யோகாஸ்தா.

"அதுதான் பாஸ் டிரான்சிஸ்டர்."

"பாஸா? இந்த வீட்டுக்குத்தான் ஏற்கெனவே நான் இருக்கேனே!"

"அந்த பாஸ் இல்லடி! கரண்டைப் பாஸ் பண்ற பாஸ். உள்ளே இருக்கிற சின்னது உத்தரவு போடும். இது வெளியே நின்னு வேலை செஞ்சு சூடு வாங்கும்."

"ஐயோ பாவம், உன்னை மாதிரியே."

"கிண்டல் பண்ணாதே. அதுமேல கரண்டி கிரண்டி வெச்சுடாதே. அந்தத் தகட்டுலயே பன்னிரண்டு வோல்ட் நிக்குது, பெட்டி இரும்புதான் மைனஸ்!"

"பூட்டுக்கு வெளியிலயா?"

"ஆமாம்! டிவிக்குப் போறதும் அதே கரண்ட்தான்."

"நல்லவேளை சொன்னே" என்றாள் யோகாஸ்தா, ரொம்ப அக்கறையாக.

ஆட்டத்தன்று ஆறு மணிக்குக் கரண்ட் போயிற்று. டிவி ஜம்மென்று ஓடியது. ராதமேஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முக்குக்கடையில் பீரும் ஐஸும் வாங்கக் கிளம்பினான்.

திரும்பி வந்தால், தகட்டில் நான்கு கிளிப்புகள், பெட்டி விளிம்பில் நான்கு! இரண்டு கார் ஃபேன், ஒரு விளக்கு, ஒரு செல்போன் சார்ஜர். டிவிக்கு எதிரே தலை நிறைய ரோலருடன் ஐந்து பெண்கள். டிரான்சிஸ்டரிலிருந்து சூடு வாசனை. படம் நடுங்கியது.

"அடிப்பாவி! எடு கிளிப்பை!"

"பூட்டை நான் தொடவே இல்லையே! நீயே எடுத்துக்கோ. முதல் ஃபேனுக்கு முன்னாடி யாரு உட்கார்ந்திருக்கான்னு மட்டும் பார்த்துக்கோ."

பார்த்தான். அவன் அம்மா.

"என்னடா முழிக்கிறே?" என்றாள் அம்மா. "ஃபேன் நின்னா சாயம் வழிஞ்சிடும். நாளைக்கு ஞானஸ்நான விருந்துக்கு வரிக்குதிரையாட்டம் போகச் சொல்றியா?"

"டிரான்சிஸ்டர் வெந்துடும்மா! அப்புறம் டிவியும் போயிடும்!"

யோகாஸ்தா அட்டை விசிறி ஒன்றை அவன் கையில் திணித்தாள். "வேகாம பார்த்துக்கோ. அதைப் பத்தி உனக்குத்தானே எல்லாம் தெரியும்?"

பெட்டியோ டிவிக்கு எதிர்ச் சுவரில். பீரை ஐந்து பெண்களும் பங்கு போட்டுக்கொள்ள, ராதமேஸ் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டிரான்சிஸ்டரை விசிறினான். பின்னால் "ஓ!" என்று கத்தினார்கள். "அடடா!" என்றார்கள். அவன் திரும்பினால் படம் நடுங்கும், "விசிறுடா!" என்பாள் அம்மா.

கடைசிப் பந்து வரைக்கும் டிவி ஒரு தடவைகூட அணையவில்லை. ராதமேஸ்தான் ஒரு பந்தைக்கூடப் பார்க்கவில்லை.