விசில் அங்கிளும் மூடாத சன்ரூஃபும்

கோலாலம்பூரில் எப்போது மழை வரும் என்று மழைக்கே தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிளாட்டில் குடியிருக்கும் விசில் அங்கிளுக்கு மட்டும் தெரியும். செய்தியில் "மாலையில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்" என்று பொதுவாகச் சொல்லி ஒதுங்கிக்கொள்வார்கள். இவர் மூக்கைத் தூக்கி வாசம் பிடித்துவிட்டு, "ஒரு டீ குடிக்கிற நேரம் இருக்கு லா" என்பார். டீ ஆறுவதற்குள் கொட்டும்.

இந்த ஞானம் தவம் இருந்து வந்ததல்ல, காரால் வந்தது. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் அங்கிள் ஒரு பழைய ஜெர்மன் காரை வாங்கினார். வாங்கியதே கூரையில் சன்ரூஃப் இருந்த காரணத்தால்தான். ஒரு வாரம் அதைத் திறந்து திறந்து மூடி, பார்க்கிங்கில் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினார். அடுத்த வாரம் திறந்தது, மூடவில்லை. இன்றுவரை மூடவில்லை.

பூச்சோங்கில் ஒரு மெக்கானிக் மோட்டார் போய்விட்டது என்றார். ஸ்ரீ கெம்பாங்கானில் இன்னொருவர், மோட்டார் நன்றாக இருக்கிறது, கண்ணாடி ஓடுகிற தண்டவாளம்தான் வளைந்துவிட்டது என்றார். அங்கிளுக்கு வந்ததே கோபம். "வாழ்க்கை பூரா தண்டவாளத்தைப் பாத்தவன் நான், எனக்கே சொல்றான் பாருங்க!" மூன்றாமவர் மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "பாஸ், இந்த சாமான் இப்ப வர்றதே இல்ல. தகரம் வெச்சு வெல்டிங் அடிச்சிடலாமா?" என்று கேட்டார். "உன் வீட்டுக் கூரைக்கு அடி" என்று சொல்லிவிட்டு இவர் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பிறகு கைவைத்தியம் ஆரம்பித்தது. பூப்போட்ட பிளாஸ்டிக் மேசை விரிப்பைக் கூரையில் ஒட்டிக்கொண்டு கிள்ளானுக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். நெடுஞ்சாலையில் அது பிய்த்துக்கொண்டு பறந்து, பின்னால் வந்த லோரியின் முன்கண்ணாடியில் போய் அப்பிக்கொண்டது. லோரிக்காரர் சண்டை போடக் கல்யாண மண்டபம் வரை துரத்தி வந்தார். அங்கிள் அவரைக் கையோடு இழுத்துப் பந்தியில் உட்காரவைத்து இலை போட்டார். லோரிக்காரர் போகும்போது மொய் எழுதிவிட்டுப் போனதாகக் கேள்வி.

அதற்கப்புறம்தான் விசில். மழை வாசம் வந்தால் பழைய ரயில்வே விசிலை ஊதிக்கொண்டு கான்வாஸும் கையுமாகப் படியில் ஓடுவார். அவர் தன் காருக்காக ஊதிய விசிலில் நாலு மாடியிலும் காய்ந்த துணிகள் வீட்டுக்குள் போயின. என் மனைவி சாந்தி வானத்தை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

"அங்கிள், கான்வாஸ எப்பவும் போட்டே வெச்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இந்த வெயில்ல நீ கம்பளி போத்திட்டு நிப்பியா தம்பி?" என்றார்.

விதி அவருடைய மகன் வடிவில் வந்தது. சுபாங் ஜெயாவில் இருக்கும் மகன் ஏதோ அவசரத்துக்கு அப்பாவின் காரை எடுத்தார். முந்தின நாள் மழையைக் குடித்து வைத்திருந்த சீட்டில் ஆபீஸ் கால்சட்டையோடு உட்கார்ந்தார், அப்படியே மீட்டிங்குக்கும் போனார். சாயங்காலம் வந்து சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரே ஒரு தடவ தண்ணி உள்ள போச்சுன்னா, இந்தக் காடி பழைய இரும்புக்குத்தான்பா."

மகன் போனதும் அங்கிள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "காடி போச்சுன்னா நான் எங்க போவேன் தம்பி? வீட்டுல இருந்தவளும் போய்ச் சேந்துட்டா. சுவத்தப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்." அவ்வளவு சன்னமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அந்த மாதமே அவருக்குக் கண்புரை ஆபரேஷன். மகன் தன் காரில் அழைத்துப் போனார். போகுமுன் அங்கிள் கான்வாஸைப் போட்டு, கயிறு மேல் கயிறாக இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.

மத்தியானமே வானம் இருட்டியது. முதல் காற்றே கான்வாஸை உருவிக்கொண்டு போய் எதிர்ச் சாக்கடையில் போட்டது. விசில் ஊத ஆளில்லை. கீழ்வீட்டுச் சீன ஆன்டிதான் "ஹுஜான்! ஹுஜான்!" என்று மழையை அறிவித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். லீவில் இருந்த நான் ஓடினேன், எனக்கு முன்னால் சாந்தி ஓடினாள். இரண்டாம் மாடி அக்கா தன் மகளின் கல்யாண பேனரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்தபடி கார்க் கூரையில் படுத்தார்கள். கட்டுவதற்கு நேரமில்லை. ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நாலு பேரும் கொட்டும் மழையில் நின்றோம்.

அப்போதுதான் மகனின் கார் உள்ளே வந்தது. ஒரு கண்ணில் மூடியோடு இறங்கிய அங்கிளை மகன் படிக்கட்டுக் கூரையின் கீழ் நிறுத்திவிட்டு வந்து, பழைய காரின் கதவைத் திறந்து சீட்டைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

அங்கிள் மிச்சமிருந்த கண்ணால் மேலே பார்த்தார். நாலு மாடித் துணியும் சொட்டச் சொட்டத் தொங்கியது.

"என்ன லா இது! துணியெல்லாம் நனையுது, நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"காடி நனைஞ்சிடும் அங்கிள்," என்றாள் சாந்தி.

"போனா போவுது, பழைய இரும்பு! உள்ள போங்க எல்லாரும், சளி புடிக்கும்!"

யாரும் நகரவில்லை. மகன் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு சாந்தியிடம் வந்தார். "குடுங்கக்கா, நான் புடிக்கிறேன்."

அங்கிளின் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. "ஆஸ்பத்திரியில மருந்து ஊத்துனாங்க, அதான்," என்றார். மருந்து ஊற்றியது மூடி போட்ட கண்ணில், வழிந்தது மற்றதில். எங்கள் எல்லாருக்கும் அது தெரிந்தது, பேனரை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டோம்.