கைக்குள் போன கன்றுக்குட்டி

எனக்குப் பட்டிமன்றத்தில் பேசத் தெரியும். மனிதர்களிடம் பேசத் தெரியாது. இதை நான் ஒப்புக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், விருத்தாசலத்துப் பொது நூலகத்தில், பாயில் அமர்ந்திருந்த பதினேழு குழந்தைகளின் முன்னிலையில்.

ஸ்ரீமுஷ்ணமோ சேத்தியாத்தோப்போ, மேடை எங்கிருந்தாலும் தாய்மொழியின் பக்கம் நின்று முழங்கிவிட்டு, கோப்பையோடு பஸ் ஏறியவள் நான். அப்படிப்பட்ட என்னை, மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள், ஆறு வயது யாழினி, "ஆன்ட்டி" என்றாள். (கோப்பைகள் அலமாரியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தன.)

அவளுக்குத் தமிழ் புரியும், வாயில் வராது. என் அப்பா தாம் வேலை செய்யும் பீங்கான் சூளையிலிருந்து கொண்டுவந்த யானைப் பொம்மையை அவளிடம் நீட்டினார். "எலிஃபன்ட்" என்றாள். நான் குனிந்து, "செல்வமே, இதனைத் தமிழில் யாதென உரைப்பாய்?" என்று வினவினேன். குழந்தை அண்ணியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"ஏன்டி, மேடையில மணிக்கணக்கா பேசுற. வூட்டுல ஒரு புள்ளகிட்ட பேச வரலியே ஒனக்கு?" என்றார் அம்மா.

வலித்தது. ஒன்பது நாளில் அவள் போய்விடுவாள். அதற்குள் ஒரே ஒரு முறை, அவள் வாயால் 'அத்தை' என்று கேட்டுவிட வேண்டும். அதற்கு ஈடாக அலமாரியையே கொடுத்திருப்பேன்.

அந்த ஏக்கத்தோடுதான் அவளை நூலகத்துக்கு அழைத்துப் போனேன். மேற்கோள் தேடி ஆண்டுக்கணக்காகப் போய்வந்த இடம். ஆனால் குழந்தைகள் பகுதியைச் செருப்பு விடும் இடத்தைக் கடப்பதுபோலக் கடந்தே பழக்கம். அன்று அங்கே அமர்ந்து பார்த்தால், மேலே தமிழ் வரியும் கீழே ஆங்கில வரியுமாகப் படப்புத்தகங்கள்! அட்டைக் கதவைத் திறந்தால் பூனை எட்டிப் பார்க்கிறது. காகிதப் பட்டையை இழுத்தால் மீன் நீந்துகிறது. நான் சிறுமியாக இருந்தபோது இவையெல்லாம் எங்கே போயிருந்தன?

யாழினி ஒன்றை எடுத்தாள். தாய்ப்பசு ஒன்று கன்றைத் தேடும் கதை. பசுவின் கழுத்தை அழுத்தினால் மணி ஒலிக்கும். ஆங்கில வரியைப் படித்தவள், விரலைத் தமிழ் வரிக்கு நகர்த்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "கன்றே, எங்கே போனாய்?" என்று படித்தேன். மெல்ல என் தோளில் சாய்ந்தாள்.

அத்தோடு நான் வீடு திரும்பியிருக்க வேண்டும்.

"நல்லா படிக்கிறீங்களேம்மா. ஞாயித்துக்கெழம நெறைய புள்ளைங்க வருவாங்க. இதையே அவங்களுக்கும் படிச்சுக் காட்டுறீங்களா?" என்று கேட்டார் நூலகர். புத்தகம் படிக்கத்தான் அழைத்தார். ஆனால் கூட்டம் என்றால் உரை என்பது என் இரத்தத்தில் ஊறிய விதி. எட்டு நிமிட உரையைத் தயாரித்தேன். (குறிப்புச் சீட்டுகள் தனி.)

ஞாயிறு வந்தது. ஸ்டூலின் மேல் புத்தகத்தை விரித்து வைத்தேன். பக்கத்தில் யாழினி நின்றாள். "அறிவுத் தாகத்தோடு வீற்றிருக்கும் அவையோரே!" என்று தொடங்கினேன். வீற்றிருந்தவர்களில் ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் தளரவில்லை. "கன்றைத் தேடும் பசுவைப் போல, நம் மொழி தன் மக்களைத் தேடுகிறது!" என்று கர்ஜித்து, கடைசிப் பக்கத்துக் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த காகிதக் கன்றைத் தொட்டுக் காட்டி, கையை இறுக மடக்கி வானை நோக்கி உயர்த்தினேன். வழக்கமாகக் கைதட்டல் விழும் இடம் அது.

கைதட்டல் விழவில்லை. மணி ஒலித்தது. பொறுமையிழந்த யாழினி பக்கத்தைப் புரட்டிப் பசுவின் கழுத்தை அழுத்தியிருந்தாள். பட்டிமன்றத்தில் முதல் மணி எச்சரிக்கை. இரண்டாம் மணி முடிவு. என்னையறியாமல் வேகத்தைக் கூட்டினேன். அவள் மறுபடியும் அழுத்தினாள்.

"எனக் கூறி, வாய்ப்பளித்த நடுவர் அவர்களுக்கு நன்றி தெரிவித்து அமர்கிறேன்!"

அமர்ந்தேவிட்டேன். பாயில்.

"அக்கா, கத எப்பக்கா சொல்லுவீங்க?" என்றாள் ஒரு சிறுமி.

"முடிஞ்சுபோச்சுடி. அதான் மணி அடிச்சிட்டாங்கல்ல" என்றாள் அவள் தோழி.

பிறகு குழந்தைகளே புத்தகத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். யாழினி ஆங்கில வரியைப் படிக்க, ஊர்ப்பிள்ளைகள் தமிழ் வரியைக் கூவினார்கள். மூன்றாம் பக்கத்திலேயே அவளும் அவர்களோடு சேர்ந்து "எங்கே போனாய்?" என்று கத்தினாள். என்னை ஒருவரும் தேடவில்லை. கடைசிக் கதவைத் திறந்தார்கள். உள்ளே கன்று இல்லை. பாயைப் புரட்டினார்கள், ஸ்டூலுக்கு அடியில் பார்த்தார்கள். யாழினி நேராக என்னிடம் வந்து நின்றாள். உதடு துடித்தது.

"அத்தை, கன்னுக்குட்டி எங்க?"

எந்த ஒரு சொல்லுக்காக ஏங்கினேனோ, அது குற்றச்சாட்டாக வந்து சேர்ந்தது. ஆனந்தப்படக் கூட அவகாசமில்லை. அப்போதுதான் கவனித்தேன்: என் வலக்கை இன்னும் மடங்கியே இருந்தது. திறந்தேன். உள்ளே கன்று, வியர்வையில் நனைந்து, முன்னங்கால்கள் மடங்கிப் படுத்திருந்தது.

நூலகர் பசை தடவி ஒட்டியபடி சொன்னார்: "இனிமே பேசுறப்ப கைய மட்டும் கட்டிக்குங்கம்மா."

இப்போது எங்கள் வீட்டில் சாவி காணோம் என்றாலும், அப்பாவின் கண்ணாடி காணோம் என்றாலும், முதலில் என் கையைத்தான் சோதிக்கிறார்கள். மஸ்கட்டிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வீடியோ அழைப்பு வரும். நலம் விசாரிப்பதற்கு முன்பே உத்தரவு பிறக்கும்: "அத்தை, கையக் காட்டுங்க!" இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவேன். யாழினி மூக்கு திரையில் முட்டும் அளவுக்கு நெருங்கி வந்து உற்றுப் பார்ப்பாள்.

"ஒண்ணுமே இல்ல" என்பாள்.

அவள் சொல்வது உண்மைதான். அழைப்பு முடிந்த பிறகும், கைகளை மடக்கச் சிறிது நேரம் ஆகிறது.