சீர்த்தட்டில் கிளிமூக்குக் கத்தி

சங்ககிரி,
செவ்வாய்க்கிழமை.

சூரமங்கலத்தில் இருந்துகொண்டு ஊரெல்லாம் ரயில் ஓட்டும் அன்பு மாப்பிள்ளை நவநீதகிருஷ்ணன் அவர்களுக்கு, மச்சான் சின்னுசாமி எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை நம் தமிழினிக்கு நிச்சயம் முடிந்தது. நடுவில் என் கத்தியால் கொஞ்ச நேரம் நின்றுபோனது, அப்புறம் அதே கத்தியால் நடந்தது. லீவு கிடைக்காததால் நீங்கள் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. உங்கள் அக்கா வசந்தாமணி போனில் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு, ஒரு வியாபாரி எழுத்தில் கொடுப்பதை நம்புங்கள். மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே சுகன்யாவும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும்.

பதினாறு வயதில் லாரிக்காரர்களுக்குத் தார்ப்பாய்க் கயிறு விற்க ஆரம்பித்தவன் நான். இத்தனை வருஷத்தில் கயிறு அறுக்க, போன மாதம் கடைக்கு வந்த இந்தக் கத்தி மாதிரி ஒரு சாமானைக் கண்டதில்லை. கிளிமூக்கு மாதிரி முனை வளைந்த மடக்குக் கத்தி, கூர் உள்வளைவில் இருக்கிறது. நேர்க்கத்தியை நைலான் கயிற்றில் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு கைக்கு வரும். இது கயிற்றைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும், நம் பக்கமாக ஒரு இழுப்பு, தீர்ந்தது. மடக்கும்போது மட்டும் பூட்டை அமுக்கிக்கொண்டு, விரலை வழியிலிருந்து எடுத்துவிட வேண்டும். தார்ப்பாய், வாழைத்தார், அட்டைப்பெட்டி, வயரின் மேல்தோல் என்று ஒரு மாதம் எல்லாவற்றிலும் பழகிப் பார்த்தேன். தக்காளிக்கு மட்டும் ஆகாது, மூக்கு உள்ளே போய் மாட்டிக்கொள்கிறது, உங்கள் அக்கா சேலையில் கறை இன்னும் போகவில்லை. மழுங்கினால் தட்டைக்கல்லில் தீட்ட முடியாது, உருண்டை அரம் வேண்டும். அதுவும் என் கடையிலேயே இருக்கிறது.

இவ்வளவு நல்ல சாமானை வரப்போகும் மருமகனுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பேன், சொல்லுங்கள். பையன் ஈஸ்வர், அப்பா குழந்தைவேலின் பதினாலு லாரியையும் பார்த்துக்கொள்கிறவன். அதனால் சம்பந்தம் உறுதியாக உப்பும் சர்க்கரையும் மாற்றுவதற்கு முன்னால், சீர்த்தட்டில் வெற்றிலைக்குப் பக்கத்தில், சந்தனம் குங்குமம் வைத்து ஒரு கத்தியை வைத்தேன். பையனின் பெரியத்தை அங்கம்மாள் தட்டைப் பார்த்தார். "கத்தியச் சீராக் குடுத்தா ஒறவு அறுந்து போகுமுங்க. இது தெரியாமயா பொண்ணப் பெத்து வெச்சிருக்கறீங்க?" என்றார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். கடைக்காரன் வாய் சும்மா இருக்குமா? "இது மத்த கத்தி மாதிரி இல்லைங்க, சுத்தமா அறுக்கும்" என்று வந்துவிட்டது.

அந்தம்மா எழுந்தார், பின்னாலேயே இருபது பேர் எழுந்தார்கள், உப்பு ஒரு பக்கம் சர்க்கரை ஒரு பக்கம் கிடக்க எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள். ஈஸ்வர் ஜன்னலில் திரும்பித் திரும்பிப் பார்த்தான். தமிழினி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது. ஆறு மாதமாகப் போனும் சிரிப்புமாக இருந்த பிள்ளை, மாப்பிள்ளை.

வேன் பத்தடி போகவில்லை, பந்தல் கயிறு பின்சக்கரத்தில் மாட்டி அச்சில் சுற்றிக்கொண்டு, பந்தலும் அவர்கள் கூடவே கிளம்பிவிட்டது. டிரைவர் காத்தான் நிறுத்தினான். சமையல்காரர் காய்கறிக் கத்தியை விட்டுப் பார்த்தார், அந்த இடுக்கில் நுழையவில்லை. நான் தட்டிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு பட்டு வேட்டியோடு வேனுக்கடியில் படுத்தேன். நாலே இழுப்பு. கயிறு துண்டு துண்டாகக் கையோடு வந்தது. வெளியே வந்தால் குழந்தைவேல் நிற்கிறார். கத்தியை வாங்கினார், மடக்கினார், விரித்தார், கட்டைவிரலால் வளைவைத் தடவினார். "என்ன வெலைங்க?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டவர் யாரும் என் கடையிலிருந்து வெறுங்கையோடு போனதில்லை. ஒரு ரூபாய்க் காசைத் தட்டில் போட்டார். "அக்கா, இது வெலைக்கு வாங்கினது, சீரில்லை. எறங்குங்க" என்றார். அடக்க விலையே நூற்று முப்பது வருகிற சரக்கை ஒரு ரூபாய்க்குக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. மனசு துளி வலிக்கவில்லை. உப்பும் சர்க்கரையும் மாற்றினோம், தமிழினி சிரித்தாள், நல்ல சாமான் சம்பந்தத்தையும் முடித்து வைக்கும் என்று நம் சனத்துக்குக் காட்டிவிட்டேன்.

அர்த்தநாரீஸ்வரர் உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். போகிற வழியெல்லாம் உங்களுக்குப் பச்சை சிக்னலே விழட்டும்.

இப்படிக்கு,
சின்னுசாமி

பி.கு.: உங்கள் அக்கா படித்துவிட்டு, மீதியையும் எழுதாமல் உறையை ஒட்டக் கூடாது என்கிறாள். நாலு இழுப்பில் மூன்றுதான் கயிறு. நாலாவது, வேனின் பிரேக் குழாய். தரையில் ஆயில் சொட்டுவதைக் காத்தான் பார்த்துச் சொன்ன பிறகுதான் குழந்தைவேல் வேனை விட்டு இறங்கினார். மெக்கானிக் வர மூன்று மணி நேரம் ஆகும், உள்ளே இலை போட்டாயிற்று என்று தெரிந்த பிறகுதான் அங்கம்மாளும் இறங்கினார். கல்யாணம் வைகாசியில் என்று முடிவாகியிருக்கிறது. அவர்கள் போட்ட நிபந்தனை இரண்டு, இரண்டுக்கும் ஒத்துக்கொண்டேன். குழாய்ச் செலவு என்னுடையது. முகூர்த்தத்தன்று மண்டப வாசலில் பெண்ணின் தாய்மாமனான நீங்கள் என் சட்டைப்பையையும் வேட்டி மடிப்பையும் தடவிப் பார்த்த பிறகுதான் என்னை உள்ளே விட வேண்டும்.