குடியிருப்புப் பகுதியில் ஒரு சன்னல்

மற்ற ஊர்கள் தாமாக வளரும். கெய்ரோவின் கிழக்கு விளிம்பில் உள்ள நஸீம் நகர் மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வளரும். அந்த அனுமதியைக் காக்கும் புனிதப் பொறுப்பு வளர்ச்சி ஒழுங்குப் பிரிவின் இஞ்சினியர் வக்தியிடம் இருந்தது. வரைபடத்தில் மஞ்சள் என்றால் வீடு, சிவப்பு என்றால் கடை, பச்சை என்றால் பூங்கா. மஞ்சளில் ஒரு முட்டை விற்றாலும் வக்திக்குத் தூக்கம் வராது.

அப்படி அவர் தூக்கத்தைக் கெடுத்தவள் இனாயத். தரைத்தளத்து வீட்டின் சன்னல் வழியாக, தினமும் காலையில் ரொட்டிக்குள் அவரைக்கொட்டைக் குழம்பும் தஅமியா வடையும் வைத்து, மேலே தஹினி என்ற எள் விழுதை ஊற்றி விற்றாள். கணவன் ஸப்ரிக்கு முதுகு போய் வேன் ஓட்ட முடியாமல் ஆனதிலிருந்து நான்கு வயிறுகள் அந்தச் சன்னலை நம்பித்தான் இருந்தன.

வக்தி அளவு நாடாவுடன் போனார்.

"இது வீடா, கடையா? தெளிவா சொல்லுங்க அக்கா."

"எனக்கு வீடு. உங்களுக்குத்தான் கடை. நேத்து ரெண்டு ரொட்டி தின்னீங்களே, இஞ்சினியர் ஐயா?"

"அது ஆய்வு."

"தஹினி இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொன்னீங்களே?"

"ஆழமான ஆய்வு" என்றார் வக்தி, சிரிக்காமல்.

மறுநாள் நகரமன்றக் குழு கூடியது. தலைவர் ஷவ்கத், மரியாதைப் பட்டத்தோடு ஷவ்கத் பே, முதல் பொருளை எடுத்தார். மஞ்சள் பகுதியின் நடுவே இருந்த ஒரே பூங்காவில் ஒரு 'குடும்ப இல்லம்': ஒன்பது மாடி, அறுபது கடை, இரண்டு திரையரங்கு.

"இது வணிக வளாகமாச்சே, பே?" என்றார் வக்தி.

"மொட்டை மாடியில காவல்காரர் தூங்குவாரு. ஆள் தூங்குற இடம் வீடு. வேற என்ன வேணும் உமக்கு?"

இரண்டே நிமிடத்தில் நிறைவேறியது. அடுத்து இனாயத்தின் சன்னல். அதற்கு மட்டும் இரண்டு மணி நேரம். நாட்டின் எதிர்காலமே அந்த நான்கு சாண் ஓட்டையில் தொங்குவதுபோல் பேசினார்கள். முடிவில், சன்னலருகே யாரும் தூங்காததால் அது கடை, வியாழனன்று முத்திரையிட்டு அடைக்கவும் என்று தீர்மானமானது. தேநீருடன் வடை வந்தது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வக்தி மட்டும் அந்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். பதினெட்டு வருடம் சட்டத்தை மதித்தவர் அவர். அந்தச் சட்டத்தையே ஒருமுறை வேலை வாங்கிப் பார்க்கலாமே என்று தோன்றியது. நேராக இனாயத்திடம் போனார்.

"அக்கா, வீட்டுல கட்டில் இருக்கா?"

"என்ன கேள்வி இது? ஸப்ரி காதுல விழுந்தா முதுகுவலியோட எந்திரிச்சு வருவாரு!"

"அவரைத்தான் படுக்க வைக்கணும். சன்னலுக்குக் கீழே. குறட்டை கேக்கணும்."

வியாழனன்று அரக்கும் முத்திரையுமாக வந்த மூன்று ஊழியர்கள் கண்டது இதுதான்: மேலே வியாபாரம், கீழே ஸப்ரியின் குறட்டை. வக்தி குழுத் தீர்மானத்தை வாசித்துக் காட்டினார். "ஆள் தூங்குறாரு. வீடு. எழுதிக்கோங்க." அவர்கள் எழுதிக்கொண்டார்கள், ஆளுக்கு இரண்டு ரொட்டியும் வாங்கிக்கொண்டார்கள்.

சேதி ஊரெல்லாம் பரவியது. முடிதிருத்துபவர் மஞ்சளில் கடை திறந்து, மாமனாரைக் கொண்டுவந்து படுக்கவைத்தார். சலவைக்கடையில் ஒரு சித்தப்பா. மருந்துக்கடைக்காரருக்கு உறவினர் கிடைக்காததால் தானே படுத்துக்கொண்டு மருந்து கொடுத்தார். இரண்டே வருடத்தில் நஸீம் நகரின் குடியிருப்பு வளர்ச்சி நான்கு மடங்கானது. ஷவ்கத் பே அதைத் தன் சாதனையென்று அறிக்கை அனுப்ப, பாராட்டுக் கேடயத்துடன் தலைமையகத்திலிருந்து ஒரு மேலதிகாரி வந்தார். பொல்லாத வழக்கமாக, அவர் வரைபடத்தையும் கையில் எடுத்துவந்திருந்தார்.

ஒன்பது மாடிக்கு முன்னால் நின்று வரைபடத்தைப் பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி வரைபடத்தைப் பார்த்தார்.

"இங்க பச்சையா பூங்கான்னு போட்டிருக்கே. அதை எடுத்துக் கொடுத்தப்போ இந்த ஊர்ல எல்லாரும் என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க?"

ஷவ்கத் பே கேடயத்தை இறுக அணைத்துக்கொண்டார். வக்தி மரியாதையாக முன்னால் வந்தார்.

"தூங்கிட்டிருந்தோம், ஐயா. அதனாலதான் இதைக் குடியிருப்புப் பகுதின்னு சொல்றோம்."